வேலைக்குப் போன என் அரிவாள்

எனக்கு வலது கை முழங்கைக்குக் கீழ கிடையாது. இதை முதல்லயே சொல்லிடுறது நல்லது. புதுசா பார்க்கிறவங்க மூஞ்சியைப் பார்ப்பாங்க, தோளைப் பார்ப்பாங்க, சட்டைக்கை தொங்குறதைப் பார்ப்பாங்க, அப்புறம் இந்த வருஷம் மழை எப்படின்னு பேச ஆரம்பிப்பாங்க. எனக்கு அது பிடிக்காது. கேட்டுத் தொலைங்கய்யா, மெஷின்ல போச்சுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். இப்போ எங்களுக்கு மாற்றுத்திறனாளின்னு மரியாதையா ஒரு பேர் வச்சிருக்காங்க. அப்போ ஆபீஸ் போர்டுலயே ஊனமுற்றோர்னுதான் எழுதியிருக்கும். தெருவுல அதைவிட நேராவே கூப்பிடுவாங்க, நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எங்க ஊர் நன்னிலத்துல பஸ்ஸை விட்டு இறங்கி ஆத்தங்கரையோட நடந்தா வரும். எங்க தெருவுல எல்லாரும் கூலி வேலைக்காரங்க. ஒருத்தருக்கும் சொந்தமா ஒரு சாண் நிலம் கிடையாது. நிலம் பூரா ஒரே மிராசுதார் குடும்பத்தோடது. உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அது மாமன் பேர்ல, மச்சான் பேர்ல, கோயில் பேர்ல, இன்னும் பிறக்காத பிள்ளை பேர்லன்னு காகிதத்துல பிரிஞ்சு நின்னுச்சு. வரப்பு மட்டும் இருந்த இடத்துலயே இருந்துச்சு. ஆட்சி மாறினா தாலுக்கா ஆபீஸ் சுவத்துல தொங்குற படம் மாறும். கீழ உட்கார்ந்திருக்கிறவர் அதே ஆளு, அதே வெத்தலை.

எங்க அப்பா காலத்துல மிராசுதாரை ஆண்டேன்னு குனிஞ்சு கூப்பிட்டாங்க. எங்க காலத்துல அந்த வார்த்தையை விட்டுட்டோம். கூலி பேசணும்னா உட்கார்ந்து பேசணும்னு கூலிக்காரங்க சங்கத்துல சொன்னாங்க, நாங்களும் உட்கார்ந்தோம். பேச வரவேண்டியவர் வரல, போலீஸ் ஜீப் வந்துச்சு. அதுல இருந்துதான் எங்க தெருவுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுச்சு. ஜீப்ல வந்து யார் யாரைப் பத்திக் கேட்டாலும் சரி, பதில் ஒண்ணுதான். “அவன் எங்களோடதாங்க வயல்ல கிடந்தான், காலையில இருந்து அறுத்துக்கிட்டுதான் இருந்தான்.” வயசானவங்களும் அதைத்தான் சொல்வாங்க, கைக்குழந்தைக்காரியும் அதைத்தான் சொல்லுவா. நடவு காலமா இருந்தா அறுப்புங்கிறது நடவுன்னு மாறும், அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சால எத்தனையோ பேர் லாக்கப்புக்குப் போகாம தப்பிச்சிருக்காங்க. அதை இறுக்கமாக் கட்டிக் காத்தவர் என் அக்கா புருஷன். மாமான்னுதான் கூப்பிடுவேன். எங்க ஊர்ல சங்கம்னா அவர்தான். ஸ்டேஷன்ல வச்சு அடிச்சப்போகூட ஒரு பேரை வெளியில விடாதவர். அறுப்புக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போறதும் அவர்தான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும். எங்க ஊர்ல அறுப்புக்கு ஆளை எண்ண மாட்டாங்க, அரிவாளை எண்ணுவாங்க. கூலித் தகராறு நடந்தப்போ வெளியூர் ஆளை நடுவுல நுழைச்சுவிட்டு எங்க வயித்துல அடிக்கப் பார்த்தாங்க. அதனால தெருவுல இருக்கிற ஒவ்வொரு அரிவாள் பிடியிலயும் ஒரு அடையாளம் வெட்டி வச்சோம். வயல்ல இறங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் அரிவாளை வரப்புல வரிசையா வைக்கணும். மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் வந்து குடையை ஊனிக்கிட்டு எண்ணுவார். எத்தனை அரிவாளோ அத்தனை வரிசையா வயலைப் பிரிச்சு விடுவாங்க. சாயங்காலம் களத்துல அத்தனை பங்கு கூலி நெல் அளந்து விழும். வச்ச அரிவாளோட வரிசை அறுபட்டிருக்கணும். யார் கை அறுத்துச்சுன்னு யாரும் கேக்கிறதில்ல.

கதிரடிக்கிற மெஷின் எங்க பக்கம் வந்த புதுசு. மிராசுதார் வீட்டுல ஒண்ணு கொண்டு வந்து இறக்கினாங்க. எங்க வேலை போயிரும்னு நாங்க பாதையில குறுக்க உட்கார்ந்தோம். தாசில்தார் வந்து பேசி, கடைசியில ஒரு சமாதானம் ஆச்சு. மெஷின் ஓடட்டும், ஆனா அதுல கதிர் கொடுக்கிற ஆள் எங்க தெரு ஆளா இருக்கணும். பெரிய வெற்றின்னு கொடி பிடிச்சுக்கிட்டுத் தெருவைச் சுத்தினோம். அப்படி ஜெயிச்சு வாங்கின வேலையில முதல் ஆளா நின்னவன் நான். கட்டுக் கயிறு விரல்ல சுத்திக்கிட்டு உள்ள இழுத்துச்சு. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்போ அம்மா கால்மாட்டுல உட்கார்ந்து என் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. நான் குடிச்சிருந்தேன்னு காரியஸ்தர் ஊர்ல சொல்லிக்கிட்டு இருந்தாராம். நான் டீயைத் தவிர வேற எதையும் தொடாதவன். இன்னைக்கு நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

கட்டுப் பிரிச்ச கொஞ்ச நாள்ல சங்கத்துக் கூட்டம். வெளியூர்ல இருந்து வந்த தலைவர் என்னை மேடையில ஏத்தி, முழங்கையோட நின்னு போன கையைத் தூக்கிப் பிடிச்சு, இதுக்கு யார் பதில் சொல்றதுன்னு மைக்ல கேட்டார். கூட்டம் கை தட்டுச்சு. அவர் நல்ல மனுஷன்தான், நெஞ்சுல இருந்துதான் பேசினார். ஆனா அந்தக் கை இன்னும் ஆறல, தூக்கினப்போ உயிர் போச்சு. அப்புறம் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கும் கூப்பிட்டாங்க. காய்ச்சல்னு சொல்லிட்டுப் போகல.

வலது கை போனா எங்க பக்கம் சோறும் சேர்ந்து போச்சுன்னு அர்த்தம். இடது கையால திங்கிறவனை யாருக்குப் பார்க்கப் பிடிக்கும்? ஒரு கல்யாணப் பந்தியில உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்தவர் எங்க சொந்தக்காரர்தான். நான் இடது கையை இலையில வச்சதும் தன் இலையைக் கொஞ்சூண்டு தள்ளி இழுத்துக்கிட்டார். வேணும்னு செய்யல, கை தானா செஞ்சுருச்சு. நான் பாயசம் வர்ற வரைக்கும் இருந்து பார்த்துட்டு எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் விசேஷத்துக்குப் போறதை விட்டாச்சு. வீட்டுல அம்மா ஊட்டிவிட்டா. மீசை முளைச்ச ஆம்பளைக்கு, கதவை ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, உருண்டை பிடிச்சு வாயில கொடுப்பா. எனக்குப் பொண்ணு பார்க்கிற பேச்சு வீட்டுல நடந்துக்கிட்டு இருந்துச்சு. அது யாரும் நிறுத்தாமலே நின்னு போச்சு.

அதுக்கப்புறம் வந்த முதல் அறுப்பு. காலையில மாமா வந்து, எங்க வீட்டுக் கூரையில செருகியிருந்த என் அரிவாளை உருவி இடுப்புல சொருகிக்கிட்டார்.

“என்ன மாமா?”

“உன் அரிவாளும் வரப்புல இருக்கும் மாப்ள. ஆளுக்குக் கொஞ்சம் உன் வரிசையையும் சேர்த்து அறுத்துருவோம். நீ பேசாம வீட்டுல இரு.”

பேசாம இருந்தேன். அறுப்புக் காலத்துல எங்க தெருவைப் பார்த்திருக்கீங்களா? ஒரு ஈ காக்கா இருக்காது. அம்மாவும் கதிர் பொறுக்கப் போயிருவா. சாத்தின கதவு, காயப்போட்ட துணி, கோழி, நான். காத்து வயல் பக்கமிருந்து அடிச்சா வயல்ல பேசிச் சிரிக்கிறது காதுல விழும். ஒருத்தன் இன்னொருத்தனை வம்புக்கு இழுப்பான், பொம்பளைங்க ஓன்னு சிரிப்பாங்க. என்ன சொன்னான்னு மட்டும் கேக்காது. அந்தச் சிரிப்பு எதுக்குன்னு தெரியாம வாசல்ல உட்கார்ந்திருக்கிறது இருக்கே, அது கை போன வலியைவிடப் பெரிய வலி. அப்படித் தனியா இருந்து இருந்து நான் கோழிகிட்ட எல்லாம் சண்டை போட ஆரம்பிச்சுட்டேன்.

சாயங்காலம் அக்கா என் பங்கு நெல்லைக் கொண்டாந்து அம்மா முறத்துல கொட்டுவா. என் அரிவாள் வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சுக்கிட்டு வருது, நான் உட்கார்ந்து திங்கிறேன். எனக்கு வயிறு எரியும். தெருவுல யாராவது எதிர்ல வந்தா, “சாப்பிட்டியாப்பா?”ன்னு கேப்பாங்க. அதோட சரி. முன்னாடி என் வாய்க்குப் பயந்துக்கிட்டு சுத்திப் போறவங்க எல்லாம் என்கிட்ட மெதுவாப் பேசினாங்க. நான் ஏதாவது எகிறினா, பாவம்னு விட்டுட்டுப் போனாங்க. ஒருத்தனும் திருப்பித் திட்டல.

ஆஸ்பத்திரியில எனக்குக் கட்டு மாத்தின நர்ஸம்மாதான் ஒரு ஆபீஸைப் பத்திச் சொன்னது. தஞ்சாவூர்ல, ஊனமுற்றவங்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ். கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சுப் போனா, அது மாடியில இருக்கு. கால் இல்லாதவன் வந்து போற ஆபீஸை மாடியில வச்ச மகராசன் யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சா ரெண்டு வார்த்தை கேக்கணும். அங்க இருந்த மேடம் என்ன பண்ணினாங்கன்னா, தினமும் காலையில கீழ இறங்கி வந்து படிக்கட்டுப் பக்கத்துல ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துக்குவாங்க. பியூன் மேல இருந்து பேப்பரைக் கொண்டாந்து கொண்டாந்து கொடுப்பார். வர்றவங்களும் அதே பெஞ்சுலதான் உட்காரணும். நான் நின்னேன். உட்காருங்கன்னு சொன்னாங்க. அப்பவும் நின்னேன். அவங்க எழுந்து நின்னுட்டாங்க. வேற வழியில்லாம உட்கார்ந்தேன்.

என்ன படிச்சிருக்கேன்னு கேப்பாங்கன்னு நினைச்சேன். “எந்தக் கையால சாப்பிடுறீங்க?”ன்னு கேட்டாங்க.

“அம்மா ஊட்டி விடுறாங்க.”

“வேலைக்குப் போற இடத்துக்கு அம்மா வருவாங்களா?”

எனக்குக் கோபம் வந்துருச்சு. பட்டுன்னு எழுந்தேன். அவங்க கண்டுக்கல. “கோபம் வருதுல்ல, நல்லது. நாளன்னைக்கு வாங்க, பயிற்சிக்குச் சேர்த்து விடுறேன்”னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. பஸ் பூரா அவங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன். கை போன பிறகு என்கிட்ட ஒருத்தர் இப்படி வெடுக்குன்னு பேசினது அதுதான் முதல் தடவை. ஊர் வந்து இறங்குறப்போ, போய்த்தான் பார்ப்போமேன்னு ஆயிருச்சு.

பயிற்சி தஞ்சாவூர்லயே. தங்கிப் படிக்கணும். இடது கையால எழுதுறது, வேட்டி கட்டுறது, சாக்கு வாயைப் பல்லால ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டுத் தைக்கிறது, தராசுல எடை பார்க்கிறது, மூட்டையை அடுக்கிக் கணக்குச் சொல்றது. சோத்துக்கு எல்லாரும் ஒரே வரிசையில உட்காருவோம். ஒருத்தனுக்கு விரல் இல்ல, ஒருத்தனுக்குப் பார்வை இல்ல. யாரும் யார் இலையையும் பார்க்கல. முதல் நாள் நான் பாதி சோத்தைத் தரையில சிந்திட்டு, வெளியில போய் அழுதுட்டு, திரும்பி வந்து மீதியைத் தின்னேன். ராத்திரி எல்லாம் ஊர் ஞாபகம். ஊர்ல இருந்தப்போ தனியா இருந்தேன், இங்க வந்து அதே ஊருக்காக ஏங்கினேன். என் மனசுக்கு ஒரு நியாயமும் கிடையாது.

பயிற்சி முடிச்சு ஊருக்கு வந்து காத்துக்கிட்டு இருந்தப்போ சேதி வந்துச்சு. வேதாரண்யத்துல ஒரு சர்க்கார் நெல் கிடங்குல வேலை காலியா இருக்கு. மூட்டையைப் பார்த்து உள்ள வாங்கி, அடுக்கி, வெளிய விடுற வேலை. மேடம் என் பேரை முதல்ல வச்சிருந்தாங்க. “ஒரு விசாரணை மட்டும் பாக்கி. வேற வேலை இல்லாதவருக்குத்தான் இது. ஊர்ல வந்து விசாரிப்பாங்க, உண்மையைச் சொன்னாப் போதும்”னாங்க. உண்மையைச் சொல்றதுல என்ன கஷ்டம்னு நானும் தலையை ஆட்டிட்டு வந்தேன். வரப்பு, வாய்க்கால் எல்லாம் அன்னைக்கு அழகா இருந்துச்சு.

விசாரணைக்கு ஆள் வந்த அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. போட்டோ எடுக்க நன்னிலம் போயிருந்தேன். திரும்பி வர்றேன், தெருமுனையிலயே ஒரு கூட்டம் சிரிச்ச முகமா நிக்குது.

“உன்னைத் தேடி ஜீப் வந்துச்சு மாப்ள”ன்னார் மாமா. “கவலைப்படாதே. எல்லாரும் ஒரே பேச்சாச் சொல்லி அனுப்பிட்டோம்.”

“என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்வோம்? எங்களோடதான் அறுப்புக்கு வர்றான், ஒரு நாள்கூட நின்னதில்லன்னு சொன்னோம்.”

வந்தவர், இந்தக் கையோடவான்னு கேட்டிருக்கார். கோடி வீட்டு அத்தை, “எங்களைவிட வேகமா அறுக்கும் சார் அந்தப் பிள்ளை, நீங்க வேற”ன்னு சொல்லியிருக்கு. வரப்புல என் அரிவாள் இருக்கிறதைக் காரியஸ்தரே எண்ணுவார், வேணும்னா அவரைக் கேட்டுக்குங்கன்னு இன்னொருத்தன் சாட்சிக்கு அவரையும் இழுத்து விட்டிருக்கான். ஆபீஸ் ஜீப்பா, போலீஸ் ஜீப்பான்னு பார்க்க யாருக்கு நேரம்? ஜீப்புன்னா ஜீப்புதான். எனக்கு ஒரு ஆபத்துன்னு நினைச்சு என் தெருவே திரண்டு நின்னு என்னைக் காப்பாத்தியிருக்கு. எல்லார் முகத்துலயும் அப்படி ஒரு சந்தோஷம். அவங்களை எப்படித் திட்டுறது?

மறுநாள் தஞ்சாவூருக்கு ஓடினேன். மேடம் முகம் சரியில்ல. “ஊரே சேர்ந்து நீங்க அறுப்பு வேலை பார்க்கிறதாச் சொல்லுது. கூலி வாங்குறதாவும் சொல்றாங்க. நான் இதை வச்சுக்கிட்டு எப்படி உங்களுக்குப் போட முடியும்?”

நடந்ததைச் சொன்னேன். கேட்டுட்டு நெத்தியைத் தேச்சுக்கிட்டாங்க. சிரிப்பை அடக்குறாங்களோன்னு எனக்குச் சந்தேகம். அப்புறம் சொன்னாங்க, “உங்க ஊர்ல பொறுப்பானவர் ஒருத்தர் நேர்ல வந்து, முன்னாடி சொன்னது சரியில்லன்னு என்கிட்ட சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். அவருக்கும் குடும்பம் இருக்கு.”

பொறுப்பானவர்னா மாமாதான். போய்ச் சொன்னேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தவர், அப்படியே நின்னார்.

“அது முடியாது மாப்ள.”

ஏன் முடியாதுன்னு எனக்கும் தெரியும். அந்தச் சமயம் எங்க தெருப் பசங்க சில பேர் மேல ஒரு கேஸ் நடந்துக்கிட்டிருந்துச்சு. பினாமி நிலத்துல இறங்கி அறுத்துட்டாங்கன்னு கேஸ். அந்த நேரத்துல அவங்க எங்களோட வேற வயல்ல இருந்தாங்கன்னு மாமா சாட்சி சொல்லியிருந்தார்.

“ஜீப்புல வந்தவர்கிட்ட எங்க தெரு சொன்னது பொய்யுன்னு நானே ஒரு ஆபீஸ்ல போய்ச் சொன்னேன்னு வை. அது மிராசுதார் காதுக்குப் போகாதா? நாளைக்குக் கோர்ட்டுல வக்கீல் அதையே எடுத்து வீசினா நான் எங்க போய் முட்டிக்கிறது? உள்ள போகப்போறது நம்ம புள்ளைங்க.”

“அப்போ நான்?”

“உனக்கு என்னடா குறை? பங்கு வருதுல்ல.”

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். “உங்க பேச்சைக் காப்பாத்துறதுக்காக நான் சாகுற வரைக்கும் வீட்டுல உட்கார்ந்து வாங்கித் திங்கணுமா? அந்த நெல்லை ஒவ்வொரு உருண்டையா முழுங்குறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்க உங்க தெருவுல ஒரு ஆள் கிடையாது. அரிவாள் இருந்தாப் போதும் உங்களுக்கு.”

அவர் வைக்கோலைப் போட்டுட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டார். அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தா. “அவர் சொல்றதும் நியாயந்தானேடா”ன்னா. நியாயமெல்லாம் வயலுக்குப் போறவங்களுக்குத்தான்னு அவ மேலயும் எரிஞ்சு விழுந்தேன். அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து உள்ள போனா. நான் வீட்டுக்கு வந்து படுத்தவன் அடுத்த நாள் பூரா எழுந்திருக்கல. வேலை போச்சு, அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன். அம்மா சோத்தைப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு வந்தா. நான் தட்டை வாங்கி இடது கையால சாப்பிட்டேன். அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா.

வெள்ளிக்கிழமை காலையில மாமா வாசல்ல வந்து நின்னார். வெளுத்த வேட்டி, துவைச்ச துண்டு. கோர்ட்டுக்குப் போறப்போ கட்டுற வேட்டி அது.

“கிளம்பு. முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்.”

பஸ்ல அவர் ஜன்னல் வழியா வயலையே பார்த்துக்கிட்டு வந்தார். ஆபீஸ்ல மேடம் வழக்கம்போல படிக்கட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. மாமா உட்கார மாட்டேன்னுட்டார். துண்டை எடுத்து இடுப்புல கட்டப் போனவர், என்ன நினைச்சாரோ, திரும்பவும் தோள்லயே போட்டுக்கிட்டார்.

“இவர் உங்க ஊர்ல என்ன வேலை செய்றார்?”னு மேடம் கேட்டாங்க.

மாமா சுவத்தைப் பார்த்தார்.

“ஒரு வேலையும் செய்யலம்மா.”

“அறுப்புக்கு வர்றார்னு சொன்னீங்களாமே?”

“ஜீப்புல வந்து கேட்டா அப்படித்தாம்மா சொல்லுவோம். பழகிப் போச்சு. கை போனதுல இருந்து இவன் வயல்ல கால் வச்சதில்ல. வந்தாலும் எங்களுக்கு இடைஞ்சல்தான். இவனால எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லம்மா.”

எனக்கு வேண்டியது அதுதான். அந்த வார்த்தைக்காகத்தான் அவர்கிட்ட அத்தனை சண்டை போட்டேன். ஆனா காதுல விழுந்தப்போ தாங்கல. எல்லாரும் நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், அதை மாமா வாயால கேக்க வேண்டியிருந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

மேடம் எழுதிக்கிட்டே, “அப்போ கூலி எப்படி வருது?”ன்னாங்க. அரிவாள் விஷயத்தை நான் சொன்னேன். “எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் என் வரிசையை அறுத்துக் கொடுக்கிறாங்க மேடம்.”

“இல்லம்மா”ன்னார் மாமா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“முதல் அறுப்புக்கு அப்படித்தான் அறுத்தோம். அடுத்த அறுப்புக்கு முணுமுணுப்பு வந்துருச்சு. அவங்களைக் குத்தம் சொல்லக்கூடாது, அவங்கவங்க வரிசையை முடிக்கிறதுக்கே முதுகு ஒடிஞ்சு போவுது. அதுல இருந்து இவன் அக்காதான் அறுக்கிறா. தன் வரிசையை முடிச்சுக்கிட்டு இவன் வரிசைக்குப் போவா. மத்தவங்க கரையேறி கஞ்சி குடிக்கிறப்போ அவ குனிஞ்சுக்கிட்டு இருப்பா. நான் கூட இறங்கினா, நீங்க ஆளைப் பாருங்கன்னு விரட்டுவா. இவன்கிட்ட எல்லாரும் சேர்ந்து அறுக்கிறதாச் சொல்லச் சொன்னதும் அவதான். அவளுக்கு இப்போல்லாம் இடுப்பு நிமிரலம்மா. அதனாலதான் வந்தேன்”னார்.

மேடம் எழுதுறதை நிறுத்திட்டாங்க. அப்புறம் கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினாங்க. மாமா நிதானமாப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டார். கேஸைப் பத்தி அவங்களும் கேக்கல, இவரும் சொல்லல.

பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு இறங்கல.

“ஏன் மாமா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நெல்லை வாங்கியிருப்பியா?”

கிளாஸைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றப்போ, “உள்ள சொன்னதை அக்காகிட்ட சொல்லாதே”ன்னார்.

“எதை?”

“உபயோகம் இல்லன்னு சொன்னேனே, அதை. அவ என்னை வீட்டுல சேர்க்க மாட்டா.” சிரிக்கப் பார்த்தார். வரல. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் பஸ் வந்துருச்சான்னு பார்க்கப் போயிட்டார்.

வேலை கிடைச்சுருச்சு. வேதாரண்யத்துல ஒரு ரூம் எடுத்துத் தங்கினேன். உப்புக் காத்து, ஜன்னல் கம்பியெல்லாம் துரு. ஹோட்டல்ல சுவத்தைப் பார்த்த மேஜையாப் பார்த்து உட்கார்ந்து இடது கையால சாப்பிடுவேன். கிடங்குல நான் மூட்டையைத் தப்பா அடுக்கினா மேலதிகாரி எல்லார் முன்னாடியும் கண்டபடி திட்டுவார், நானும் திருப்பிக் கத்துவேன். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமைதான் கொடுமை. பேச ஆள் கிடையாது. கடற்கரைப் பக்கம் போய் நின்னுட்டு வருவேன். ஊருக்குப் போகலாம்தான். போனா அக்கா முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு தள்ளித் தள்ளிப் போட்டேன். அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன். அக்காவுக்கு என்னத்தை அனுப்புறது?

ஊர்ல இருந்த வரைக்கும், வயல்ல இறங்கலேன்னாலும், அறுப்பு தொடங்குற நாள் எனக்கு எப்பவும் முன்கூட்டியே தெரியும். அரிவாளை எடுக்க மாமா வந்து நிப்பார், சாணை பிடிக்கிற ஆள் தெருவுக்கு வருவார், எதுவும் இல்லேன்னா தெருவுல போற யாராவது சொல்லிட்டுப் போவாங்க. அந்தத் தை மாசம் கிடங்குக்குப் புது நெல்லு லாரி வர ஆரம்பிச்சுச்சு. சாக்கைக் குத்தி உள்ளங்கையில கொஞ்சம் கொட்டிப் பார்த்தேன், இன்னும் ஈரவாசனை போகல. டிரைவர் எந்தப் பக்கம்னு கேட்டேன். நன்னிலம்னார்.

“அறுப்பு ஆரம்பிச்சாச்சா?”

“முடிஞ்சே போச்சுங்க”ன்னார். “களத்துல வைக்கோல்தான் கிடக்கு.”

அக்காவுக்கு அந்த வருஷம் ஒரே வரிசைதான் இருந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லி அனுப்பல.